கோலாலம்பூர் வீட்டில் பீச் மரக் காளான்: 22 டிகிரியில் 85 நாள், 15 டிகிரியில் 24 நாள்

பேரங்காடியின் குளிரடுக்கில் சிறு கொத்துகளாக, பழுப்புத் தொப்பியோடும் வெள்ளைத் தொப்பியோடும் அடைத்து வைத்திருக்கும் ஷிமெஜிக் காளான் பீச் மரத்தை நம்பி வாழ்வது. குளிர் நாடுகளில் பட்டுப்போன, பட்டுக்கொண்டிருக்கிற பீச், எல்ம், மேப்பிள் மரங்களின் கட்டையில் முளைத்து மரச்சத்தைத் தின்று வளரும். நம் நாட்டில் பீச் மரம் கிடையாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெராங்கானும் மெம்பெனிங்கும் நம் மலைக்காடுகளில் உண்டு. ஆனால் இந்தக் காளானுக்கு மரத்தைவிடக் குளிர்தான் பெரிய தேவை. மரத்துக்கு மாற்றாக ரப்பர் மரத்தூள் இருக்கிறது. குளிருக்கு மாற்று ஒரு பழைய பிரிட்ஜ்.

சிப்பிக் காளான் வளர்த்துப் பழகியவர்கள் இதில் தோற்பதற்கு முதல் காரணம் அவசரம். சிப்பிக் காளான் பை, உள்ளே காளான் இழை பரவி வெள்ளையாகிவிட்டால் வாயைத் திறக்கலாம். மரத்தூள் அடைத்த ஷிமெஜி போத்தல் வெள்ளையானபின் இன்னும் 50 நாள் அதே வெப்பநிலையில் சும்மா கிடக்க வேண்டும். அந்த நாட்களில்தான் இழை மரத்தூளைச் செரித்துச் சத்தைச் சேமிக்கிறது. அதற்கு முன்னால் குளிரில் வைத்தால் ஒன்றும் முளைக்காது, முளைத்தாலும் நாலைந்து காம்புகள் கோணலாக எழுந்து நின்றுவிடும். இந்த ஒரு விதியை ஏற்க முடியாதவர்கள் சிப்பிக் காளானோடு இருந்துவிடுவது நல்லது. காசு மிச்சமாகும் என்று இறங்குவதற்கும் இது ஏற்றதன்று. கடையில் வாங்குவதே மலிவு. செய்து பார்க்கும் ஆசையும் ஐந்து மாதப் பொறுமையும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது இது.

கீழே உள்ள அளவுகள் 850 மில்லி கொள்ளும் 12 போத்தல்களுக்கு. சுமார் 120 லிட்டர் ஒற்றைக் கதவு பிரிட்ஜில் இவை தாராளமாக நிற்கும்.

பிரிட்ஜ்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தயார் செய்யுங்கள். காளான் வித்தை, அதாவது இழை ஏறிய தானியத்தை, வாங்கி வைத்துக்கொண்டு பிரிட்ஜ் தேடுவது தலைகீழ் வேலை.

ஒற்றைக் கதவுள்ள, உள்ளே விசிறி இல்லாத, பனி உறையும் பழைய வகை பிரிட்ஜ்தான் வேண்டும். பனி உறையாத வகையில் உள்விசிறி ஓயாமல் காற்றைச் சுழற்றி ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்குள் காளான் மொட்டு ஒரே நாளில் காய்ந்துபோகும். வைன் கூலர் வாங்க நினைத்தால் கம்ப்ரஸர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிரூட்டும் சின்னப் பெட்டிகள் சுற்றியுள்ள காற்றைவிடச் சுமார் 12 முதல் 15 டிகிரிதான் இறக்க முடியும். வீட்டுக்குள் 32 டிகிரி அடிக்கும் மதிய நேரத்தில் அதில் 15 டிகிரி வராது. விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் குளிர்ந்த அறையில் அளந்தது.

பிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் 10 டிகிரிக்குக் கீழேதான் வேலை செய்யும். அதனால் வெளியிலிருந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று தேவை. மின்பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். பிரிட்ஜின் சொந்தக் குமிழை ஆகக் குளிரான நிலையில் வைத்துவிட்டு, கருவியில் 22 என்று குறியுங்கள். ஏற்ற இறக்க இடைவெளி 1 டிகிரி, கம்ப்ரஸர் தாமதம் 5 நிமிடம். தாமதம் வைக்காவிட்டால் கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடிச் சீக்கிரம் பழுதாகும். உணர்கம்பியைச் சுவரில் ஒட்டாதீர்கள், காற்றிலும் தொங்க விடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னப் போத்தலுக்குள் முனையை வைத்து, அதைக் காளான் போத்தல்களுக்கு நடுவே நிறுத்துங்கள். நமக்கு வேண்டியது போத்தலின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்தாலே குதிக்கும்.

கம்பி நுழைக்கப் பிரிட்ஜ் சுவரில் ஓட்டை போடக் கூடாது. குளிர்வாயுக் குழாய் பல மாடல்களில் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. கதவின் ரப்பர் விளிம்பு வழியாகவே மெல்லிய கம்பியும் குழாயும் நுழைந்துவிடும்.

காலியாக மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். தனியாக ஒரு வெப்பமானி வைத்து மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி ஒன்றை ஆக மெதுவான வேகத்தில், சுவரைப் பார்த்து வைக்கலாம்.

வித்து

வித்துக் கடையில் ஷிமெஜி வித்து கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு மாதத்துக்கும் மேலான வேலையை மிச்சப்படுத்தும். கிடைக்காவிட்டால் கடைக் காளானிலிருந்தே இழையை எடுக்கலாம். வீட்டுச் சமையலுக்கு வளர்ப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். வணிக ரகங்கள் பலவற்றுக்கு வளர்ப்புரிமை உண்டு. விற்க நினைப்பவர்கள் உரிமம் உள்ள வித்தை வாங்க வேண்டும்.

அடிக்கட்டை வெட்டப்படாத, தேதி புதிதான பொட்டலத்தை எடுங்கள். அகர் ஊட்டத்துக்கு 500 மில்லி தண்ணீரில் 100 கிராம் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, குறைந்த தண்ணீரைச் சேர்த்து மறுபடி 500 மில்லி ஆக்கி, 10 கிராம் குளுக்கோஸும் 9 கிராம் அகர் அகர் தூளும் கரைக்க வேண்டும். மளிகைக் கடையில் விற்கும் அகர் அகர் தூளே போதும். நிறமும் சர்க்கரையும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரித் தட்டு இல்லாதவர்கள் அகலவாய்ச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் ஒரு விரற்கடை உயரம் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, பிரஷர் குக்கரில் 30 நிமிடம் அவிக்கலாம்.

வித்து வேலை முழுவதையும் காற்று அசையாத பெட்டிக்குள் செய்யுங்கள். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் கை நுழைய இரண்டு வட்டம் வெட்டினால் போதும். விசிறியையும் ஏர்கோனையும் அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். உள்ளே 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடையுங்கள். ஆல்கஹால் துடைத்த பெட்டிக்குள் நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. ஆவி பற்றிக்கொள்ளும், கை வெந்துவிடும். பொட்டலத்தில் வரும் கிருமி நீக்கிய அறுவைக் கத்திமுனை மருந்துக் கடையில் கிடைக்கும். அதையே வாங்குங்கள்.

காம்பைக் கத்தியால் வெட்டாமல் கையால் இரண்டாகக் கிழியுங்கள். கிழிந்த உட்சதை யார் கையும் படாதது. அதிலிருந்து அரிசி அளவு ஒரு துண்டை எடுத்து அகரின் நடுவில் வையுங்கள். ஆறு புட்டியாவது போடுங்கள். கடைக் காளானின் சதைக்குள் பாக்டீரியா ஏறியிருப்பது சாதாரணம், இரண்டு மூன்று கெடும். 22 முதல் 24 டிகிரியில் இரண்டு வாரத்தில் வெள்ளை இழை பரவும். வழவழப்பாகப் பளபளக்கும் திட்டு பாக்டீரியா. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு எது தெரிந்தாலும் திறக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

அடுத்தது தானிய வித்து. பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் சோளம் இதற்கு மிகப் பொருத்தம். கம்பும் ஆகும். 200 கிராம் சோளத்தை 12 மணி நேரம் ஊறவைத்து, 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். நகத்தால் அழுத்தினால் உடைய வேண்டும், தோல் வெடித்திருக்கக் கூடாது. வெடித்த மணியிலிருந்து மாவு கசிந்து பாக்டீரியாவுக்கு விருந்தாகும். வடித்துத் துணியில் பரப்பி, தொட்டால் கை நனையாத அளவுக்கு உலர்த்தி, 2 கிராம் ஜிப்சம் தூள் புரட்டி, ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவுக்கு நிரப்பி, 90 நிமிடம் அழுத்தத்தில் அவியுங்கள். ஆறியதும் அகரில் பரவிய இழையின் வெளிவிளிம்பிலிருந்து நான்கைந்து சதுரத் துண்டுகளைப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு வெள்ளையானதும் ஒருமுறை குலுக்குங்கள். மூன்று, மூன்றரை வாரத்தில் முழுக்க வெளுக்கும். மூடியைத் திறந்தால் காளான் மணம் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் அந்த வித்தைப் போடாதீர்கள், பன்னிரண்டு போத்தலும் அதோடு போய்விடும்.

மரத்தூள் கலவை

காய்ந்த ரப்பர் மரத்தூள் 2.1 கிலோ. நெல் தவிடு 500 கிராம். கால்சியம் கார்பனேட் தூள் 25 கிராம். தண்ணீர் சுமார் 3.6 லிட்டர்.

மரத்தூள் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் வாங்க வேண்டாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டும் பூசணமும் அதைத் தேடி வருவதால், பலகையாக அறுத்த பிறகு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றித்தான் உலர்த்துகிறார்கள். மரச்சாமான் தொழிற்சாலையில் விழும் தூள் அப்படி மருந்தேற்றிய பலகையின் தூள். அதில் காளானும் வளராது. பச்சை மரத்தை அறுக்கும் ஆலையில், மருந்தேற்றுவதற்கு முன் விழும் தூளைக் கேட்டு வாங்குங்கள். சிப்பிக் காளான் பை தயாரிப்பவர்களிடம் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஒட்டுப்பலகைத் தூளிலும் எம்.டி.எஃப். தூளிலும் பசை இருக்கும், அவையும் ஆகாது. மெல்லிய மாவுத்தூள் மட்டும் இருந்தால் போத்தலுக்குள் இறுகிக் காற்றடைத்துப் போகும். கொஞ்சம் பருத்த சீவலும் கலந்திருக்க வேண்டும். ஈரமான பச்சைத் தூளை மூட்டையில் கட்டி வைத்தால் சில நாளிலேயே பூசணம் ஏறிச் சூடாகும். வாங்கியதும் வெயிலில் பரப்பிக் காயப்போடுங்கள்.

தவிடு கால்நடைத் தீவனக் கடையில் டெடாக் என்று கேட்டால் கிடைக்கும். மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் பழையது. ஒரு மூட்டை வாங்கி மாதக்கணக்கில் வைக்காமல் தேவைக்கு மட்டும் வாங்கிப் பிரிட்ஜில் வையுங்கள். சுண்ணாம்பு என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடக் கூடாது. அது நீற்றிய சுண்ணாம்பு, காரம் கடுமையாக ஏறி இழையைக் கருக்கும். செடிக்கடைகளில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளே கால்சியம் கார்பனேட்.

முதலில் உலர்ந்தவை மூன்றையும் நன்றாகப் புரட்டிவிட்டு, 3.2 லிட்டர் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். மீதியை அரை மணி நேரம் கழித்துப் பார்த்துச் சேர்க்கலாம், மரத்தூள் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு கோக்க வேண்டும், ஒழுகக் கூடாது. திட்டமாகத் தெரிய வேண்டுமானால் 100 கிராம் கலவையை ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்துங்கள். 37 கிராம் மிஞ்சினால் ஈரம் 63 விழுக்காடு, அதுதான் இலக்கு. 70-ஐத் தாண்டினால் போத்தலின் அடியில் தண்ணீர் தேங்கி இழை பாதியிலேயே நிற்கும். 55-க்குக் கீழே போனால் இழை ஓடிவிடும், காளான் வராது.

கொதிநீரைத் தாங்கும் பாலிபுரொப்பிலின் போத்தல்கள் வேண்டும். குளிர்பானப் போத்தல் குக்கரில் சுருங்கிவிடும். ஒவ்வொன்றிலும் 520 கிராம் கலவையைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை, தோள்பகுதி இறுகும்படி அழுத்தி நிரப்பி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பால் நடுவே அடிவரை ஒரு குழி இடுங்கள். குழியால் வித்து அடிவரை இறங்கும், காற்றும் இறங்கும். மூடியில் ஒரு சென்டிமீட்டர் துளையிட்டு, மருத்துவ மைக்ரோபோர் டேப்பை இரண்டடுக்காக ஒட்டுங்கள்.

தவிடு கலந்த ஈரத்தூள் நம் வெக்கையில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். காலையில் கலந்து இரவு அவிப்பது சரிப்படாது. குக்கரில் ஒரு தடவைக்கு எத்தனை போத்தல் கொள்ளுமோ அவ்வளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

அவித்தல்

15 பவுண்டு அழுத்தம், அதாவது 121 டிகிரி, 90 நிமிடம். வெறும் ஆவியில் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் தவிடு அதிகமுள்ள இந்தக் கலவைக்கு நம்பிக்கை இல்லை. சூடு தாங்கும் பாக்டீரிய வித்துகள் அதில் பிழைத்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வேகமாக வளர்ந்து அவற்றை முந்திவிடும். ஷிமெஜி மந்தமான இழை, முந்த முடியாது.

விசில் குக்கரில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஒவ்வொரு விசிலிலும் ஆவி வெளியேறுகிறது. 90 நிமிடத்தில் சின்னக் குக்கர் வற்றிக் கருகும், பாதுகாப்பு வால்வு உருகிவிடும். 20 லிட்டருக்குக் குறையாத, அழுத்தமானி உள்ள குக்கர்தான் இதற்குச் சரி. அடியில் தட்டு போட்டு, 2 லிட்டர் தண்ணீராவது ஊற்றி, போத்தல் தண்ணீருக்குள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைப் போடும் முன் 10 நிமிடம் ஆவியைத் தாராளமாக வெளியே விடுங்கள். உள்ளே காற்று மிஞ்சினால் மானி 15 காட்டும், சூடு 121-ஐ எட்டியிருக்காது. 15-ஐ எட்டிய நிமிடத்திலிருந்து நேரத்தை எண்ணுங்கள். முடிந்ததும் எடையைத் தூக்கி ஆவியைப் பீய்ச்ச விடாதீர்கள். போத்தலுக்குள் கலவை பொங்கி டேப்பை நனைத்துவிடும், நனைந்த டேப் கிருமியை வடிகட்டாது. இரவு முழுக்க மூடியபடி ஆறவிட்டு, காலையில் எடுத்து நேரே காற்று அசையாத பெட்டிக்குள் வையுங்கள்.

வித்து போடும்போது போத்தல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். போத்தலுக்கு 20 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. பாதி குழிக்குள் இறங்கட்டும், மீதி மேற்பரப்பை முழுக்க மூடட்டும். மேற்பரப்பில் வெறும் தூள் தெரியும் இடத்தில்தான் பச்சைப் பூசணம் முதலில் குந்தும்.

முதல் 35 நாளும் பிந்தைய 50 நாளும்

22 டிகிரி, இருட்டு. போத்தலுக்குப் போத்தல் இரண்டு விரல் இடைவெளி. வளரும் இழை தானே சூட்டை உண்டாக்கும், போத்தலின் நடுப்பகுதி காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். நெருக்கி அடுக்கினால் நடுப்போத்தல்கள் 26, 27-க்குப் போய்விடும். பிரிட்ஜ் இல்லாமல் அறையிலேயே வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த இழை 30 டிகிரியை ஒட்டி நின்றுபோகும், பச்சைப் பூசணத்துக்கோ அந்தச் சூடுதான் பிடித்தமானது. இரவில் மட்டும் ஏர்கோன் போடும் அறையும் பயன்படாது.

நாளுக்கு ஒருமுறை கதவை ஒரு நிமிடம் திறந்து வைத்தால் காற்று மாறிவிடும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் தெளிக்கவே கூடாது. நம் ஊர்க் காற்று ஈரமானது, கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வேர்க்கும். மூடி டேப் நனைந்திருந்தால் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

10-ஆம் நாள் ஒவ்வொரு போத்தலையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கெட்டது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். மேலே பச்சைத் திட்டு இருந்தால் வித்து போடும்போது விழுந்த கிருமி. நடுவிலோ அடியிலோ தனியாகப் பச்சை தெரிந்தால் அவித்தது போதவில்லை. பன்னிரண்டில் எட்டு ஒரே மாதிரி கெட்டிருந்தால் வித்தையே சந்தேகப்படுங்கள். ஆரஞ்சு நிறத்தில் மாவாக உதிரும் பூசணம் வந்தால் போத்தலைத் தட்டாமல், மெல்ல ஈரத்துணியால் மூடிப் பையில் கட்டி வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். அதன் வித்து காற்றில் பறந்து பிரிட்ஜ் முழுக்கப் பரவும். பிறகு பிரிட்ஜைக் காலி செய்து குளோரின் கரைசலால் கழுவாமல் தீராது.

35-ஆம் நாள்வாக்கில் போத்தல் அடிவரை வெள்ளையாகும். அன்றைய தேதியை மூடியில் எழுதுங்கள். அதிலிருந்து 50 நாள். முதலில் பஞ்சாகத் தெரிந்த இழை கெட்டியாகும், சுத்த வெள்ளை மாறி இளம் பழுப்பு ஓடும், விரலால் சுண்டினால் சத்தம் திண்ணென்று கேட்கும். சில போத்தலில் மஞ்சள் நீர் துளிர்க்கும், கவலைப்பட வேண்டியதில்லை. ஆகவும் அவசரமானவர்கள் ஒரே ஒரு போத்தலை 60-ஆம் நாள் சோதனைக்கு எடுத்துப் பார்க்கலாம், மற்ற பதினொன்றைத் தொடாதீர்கள்.

கீறுதலும் குளிரும்

85-ஆம் நாள் மூடியைத் திறந்து, சுத்தமான கரண்டியால் மேற்பரப்பைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் ஆழம் சுரண்டிப் பழைய வித்தையும் தோலான இழையையும் எடுத்துவிடுங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டாமல் மேடாக விடவேண்டும். காயம்படாத அந்த மேட்டிலிருந்து மொட்டுகள் ஒன்றாகக் கிளம்பிக் கொத்தாக நிற்கும். முழுவதையும் சமமாக வழித்துவிட்டால் மொட்டு தாமதமாகும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும்.

கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரைப் போத்தல் வாய்வரை ஊற்றி இரண்டு மணி நேரம் நிறுத்தி, கவிழ்த்து முழுக்க வடித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் மொட்டை அழுகவைத்துவிடும். பிறகு கருவியை 15 டிகிரிக்கு மாற்றுங்கள். மூடிக்குப் பதில், பின்னூசியால் பத்துப் பன்னிரண்டு துளை குத்திய பிளாஸ்டிக் தாளை வாயில் தளர்வாகப் போர்த்துங்கள். பிரிட்ஜின் அடித்தட்டில் நனைத்த தடித்த துவாலையை விரியுங்கள். ஈரம் 95 விழுக்காடு வேண்டும். மலிவான ஈரமானிகள் 90-க்கு மேல் சொல்வதை நம்ப முடியாது. பிளாஸ்டிக் தாளின் உட்புறத்தில் மெல்லிய வேர்வை படிந்திருந்தால் ஈரம் போதும் என்று அர்த்தம்.

நான்கைந்து நாளில் சுரண்டிய இடத்தில் புதிய வெள்ளைப் பஞ்சு கிளம்பும். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நடுமேட்டில் ஊசிமுனை அளவில் சாம்பல் புள்ளிகள் தோன்றும், அவைதான் மொட்டு. பஞ்சு மட்டும் உப்பி மேலேறிக்கொண்டே போய்ப் புள்ளி வராவிட்டால் காற்று மாறவில்லை. தாளில் இன்னும் சில துளை குத்துங்கள்.

மொட்டுகள் தீக்குச்சித் தலை அளவானதும் தாளை எடுத்துவிடலாம். இனிமேல் காற்றும் வெளிச்சமும்தான் உருவத்தைத் தீர்மானிக்கும். மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்ப்பைப் பிரிட்ஜுக்கு வெளியே வைத்து, குழாயைக் கதவு ரப்பர் வழியாக உள்ளே விட்டு, டைமரில் மணிக்கு 15 நிமிடம் ஓடும்படி வையுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்தக் காற்றைத் தண்ணீர்ப் புட்டி வழியாகக் குமிழ விட்டு ஈரமாக்கச் சொல்லும். கோலாலம்பூரில் அது வேண்டாத வேலை. நம் காற்றில் உள்ள நீராவி 24 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே துளியாகிவிடும், 15 டிகிரிப் பெட்டிக்குள் நுழைந்ததும் பட்ட இடமெல்லாம் பனிக்கும். அதனால் குழாய்முனையைக் காளானை நோக்கி வைக்காமல் பின்சுவரின் குளிர்தகட்டைப் பார்த்து வையுங்கள். துளி அங்கே படிந்து வடியும், காளான் தொப்பி நனையாது.

வெளிச்சத்துக்கு ஒரு முழ நீள வெள்ளை எல்.இ.டி. பட்டை போதும், நாளுக்கு 10 மணி நேரம். சூடு வராத பட்டையாக இருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால் தொப்பி வெளிறிப்போகும், பழுப்பு ரகத்தின் பளிங்குக் கோலம் தெளியாது.

சுரண்டிய நாளிலிருந்து 22 முதல் 25 நாளில் அறுவடை. பெரிய தொப்பிகள் இரண்டு சென்டிமீட்டர் அகலமாகி, விளிம்பு இன்னும் உள்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தை முழுதாகப் பிடித்துத் திருகி எடுங்கள். விளிம்பு நிமிர்ந்துவிட்டால் நார் ஏறும், வெள்ளைத் தூள் கொட்டும். வீட்டில் ஒரு போத்தலுக்கு 100 முதல் 150 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். எல்லாம் முறையாக நடக்கும் பண்ணைகள் இதே அளவு போத்தலில் 180, 200 கிராம் எடுக்கின்றன. இரண்டாம் ஈடு வரும், ஆனால் அற்பம். அதற்காக ஒரு மாத மின்சாரத்தைச் செலவழிப்பது வீண்.

கடைசிக் கட்டத்தில் வரும் கோளாறுகள்

காம்பு நீண்டு தொப்பி குண்டூசித் தலையாகவே நின்றால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது. பம்ப்பை மணிக்கு 30 நிமிடமாக்குங்கள். தொப்பி சீக்கிரமே விரிந்து காம்பு உள்ளே பொந்தாகிப் போனால் வெப்பநிலை 18-ஐத் தாண்டியிருக்கிறது. உணர்கம்பி இடம் மாறியிருக்கும், அல்லது கதவு ரப்பர் இறுகவில்லை. தொப்பியில் மஞ்சள் கலந்த பழுப்புப் புள்ளி தோன்றி வழவழத்தால் அது பாக்டீரியப் புள்ளிநோய். தொப்பியில் தண்ணீர் நின்றதுதான் காரணம். அந்தக் கொத்தை எடுத்துவிட்டு, மற்றவற்றின் மேல் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்றை ஓடவிடுங்கள். மொட்டுகள் வந்து, கடுகளவிலேயே பழுப்பாகிக் காய்ந்தால் ஈரம் போதவில்லை. தாளை மறுபடி போர்த்தி, துவாலையை நனையுங்கள். போர்த்தியபின் பிழைப்பவை பிழைக்கும், காய்ந்தவை திரும்பாது.

மின்சாரம் தடைப்பட்டால் கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் நிரப்பிய போத்தல்களைக் காலியிடத்தில் நிறுத்தி வைத்திருந்தால் மூன்று நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். பம்ப்பும் அப்போது நின்றிருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் கதவை ஒரு நிமிடம் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள்.

சமையலுக்கு

ஷிமெஜியைப் பச்சையாகத் தின்னக் கூடாது. கசக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. அடிக்கட்டையை வெட்டி, கையால் பிரித்து, காய்ந்த எண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்துப் பெருந்தீயில் ஐந்து நிமிடமாவது வதக்குங்கள். விட்ட தண்ணீர் வற்றி விளிம்பு சிவந்தால் கசப்பு போய்விடும். உப்பை இறக்கும் முன் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். சமைக்காத கொத்தைக் காகிதத்தில் சுற்றிச் சமையலறை பிரிட்ஜில் 10 நாள் வைக்கலாம். பழுப்புப் படிந்த ஈரமான கொத்து என்றால் அன்றே தள்ளிவிடுங்கள்.

தீர்ந்த மரத்தூளை உடனே போத்தலிலிருந்து தட்டி எடுத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அடுத்த ஈட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, பூசணமும் சிற்றுண்ணியும் அதில்தான் பெருகும். மூடிய வாளியில் இரண்டு மாதம் மக்கவைத்தால் கறிவேப்பிலை, மிளகாய்த் தொட்டிகளுக்கு நல்ல உரம். போத்தல்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள். பிரிட்ஜின் உட்சுவர், தட்டு, கதவு ரப்பரின் மடிப்பு எல்லாவற்றையும் துடைத்து, கதவைத் திறந்தபடி ஒரு நாள் காயவிட்டு, கருவியை மறுபடி 22-க்கு மாற்றுங்கள்.